யுஃபுயின் என்ற ஊர் இப்போது இருக்கிறதா, இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் கியூஷு தீவில், ஓயிதா மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் யுஃபுயின் என்ற வெந்நீரூற்று ஊர் இருக்கிறது. 2005 அக்டோபர் 1ஆம் தேதி அது அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டோடு சேர்ந்து யுஃபு என்ற புது நகராட்சி ஆனது. அங்கே சுற்றுலா போக நினைப்பவர்கள், ஜப்பானிய மொழி படிப்பவர்கள், உள்ளாட்சி விஷயங்களில் ஆர்வம் உள்ள நண்பர்கள் என்று பலரும் இந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

யுஃபுயின்னு தேடினா யுஃபு சிட்டின்னு வருது. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. யுஃபுயின் என்பது பழைய பேரூராட்சி. ஜப்பானில் இந்த அளவு ஊரை 'சோ' அல்லது 'மாச்சி' என்பார்கள். யுஃபு என்பது இன்றைய நகராட்சி, அதாவது 'ஷி'. பழைய யுஃபுயின் சுமார் 128 சதுர கிலோமீட்டர் பரப்பும் 11 ஆயிரம் பேர் அளவுக்கு மக்களும் கொண்டது. புது யுஃபுவின் பரப்பு சுமார் 319 சதுர கிலோமீட்டர். உருவானபோது அங்கே ஏறக்குறைய 35 ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த நகராட்சியின் மேற்குப் பகுதிதான் பழைய யுஃபுயின்.

அப்போ யுஃபுயின் என்ற ஊரே இல்லாமல் போய்விட்டதா?

உள்ளாட்சி என்ற முறையில் போய்விட்டது. அதற்கென்று மேயர் கிடையாது, மன்றம் கிடையாது, வரவு செலவுத் திட்டமும் கிடையாது. ஆனால் முகவரியில் இருக்கிறது. அங்கே ஒரு விடுதிக்குக் கடிதம் போட்டால் 'ஓயிதா மாகாணம், யுஃபு நகரம், யுஃபுயின் சோ, கவாகாமி' என்று எழுத வேண்டும். 'சோ' என்ற சொல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு அது ஓர் அரசாங்க அமைப்பைக் குறித்தது, இப்போது ஒரு பகுதியின் பெயர், அவ்வளவுதான்.

முகவரியிலிருந்து உண்மையாகவே காணாமல் போனது வேறொன்று. முன்பு 'ஓயிதா வட்டம், யுஃபுயின் சோ' என்று எழுதுவார்கள். அந்த வட்டத்தில் மிச்சமிருந்த நான்கு ஊர்களில் நோட்சுஹாரு 2005 ஜனவரியில் ஓயிதா நகரத்தோடு போய்ச் சேர்ந்தது. மற்ற மூன்றும் அக்டோபரில் யுஃபு ஆனதும் வட்டத்தில் ஊரே மிஞ்சவில்லை, வட்டமும் மறைந்தது.

ஒரே பெயரை ரெண்டு விதமா எழுதியிருக்காங்களே, எது சரி?

ஜப்பானிய மொழி படிப்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஜப்பானில் ஊர்ப் பெயர்களைப் பெரும்பாலும் சீன எழுத்துகளில் எழுதுவார்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு, ஒரே ஒலிக்குப் பல எழுத்துகளும் உண்டு. ரயில் நிலையத்தில் ஒரு முதல் எழுத்து (由), அஞ்சல் முகவரியில் வேறொரு முதல் எழுத்து (湯). உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

1955க்கு முன் பள்ளத்தாக்கில் இருந்த ஊரின் பெயர் பழைய எழுத்தில் யுஃபுயின். அதே ஆண்டு பிப்ரவரியில் அது யுனோஹிரா என்ற பக்கத்துக் கிராமத்தோடு இணைந்தது. யுனோஹிராவின் முதல் எழுத்துக்கு வெந்நீர் என்று பொருள், அதற்கும் 'யு' என்றுதான் உச்சரிப்பு. புது ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த வெந்நீர் எழுத்தை யுஃபுயினின் முதல் எழுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். காதுக்கு யுஃபுயின் என்றே கேட்கும், கண்ணுக்கு இரண்டு ஊரும் தெரியும். ஊர்ப் பெயர் வைப்பதில் இவ்வளவு நேர்த்தியான சமரசத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனவே இரண்டும் சரிதான், குறிக்கும் இடம்தான் வேறு. பள்ளத்தாக்கும் அதன் வெந்நீரூற்றும் ரயில் நிலையமும் பழைய எழுத்தில். 1955 முதல் 2005 வரை இருந்த பேரூராட்சியும் இன்றைய முகவரிப் பகுதியும் வெந்நீர் எழுத்தில். 2005இல் வந்த யுஃபு நகரம் மீண்டும் பழைய எழுத்துக்கே போய்விட்டது.

யுஃபு என்றால் என்ன அர்த்தம்? 'யின்' என்பது கோயில்தானே?

மரப்பட்டைத் துணியோடு தொடர்புள்ள பெயர் என்பது வழக்கமான விளக்கம். காகித முசுக்கட்டை மரப் பட்டையிலிருந்து நார் எடுத்து அக்காலத்தில் துணி செய்தார்கள், அதற்கு 'யுஃபு' என்று பெயர். 8ஆம் நூற்றாண்டு நிலவியல் பதிவான புங்கோ ஃபுதோகியிலேயே இந்த ஊர்ப் பெயருக்கு இப்படித்தான் காரணம் சொல்லியிருக்கிறது. ஊருக்கு மேலே நிற்கும் 1,583 மீட்டர் உயர மலைக்கும் அதே பெயர்.

'யின்' எழுத்து பல கோயில் பெயர்களில் வருவது உண்மைதான். ஆனால் இங்கே அது வரி நெல்லைச் சேர்த்து வைத்த அரசுக் களஞ்சியத்தைக் குறிக்கிறது. யுஃபுவின் களஞ்சியம், அதுதான் யுஃபுயின்.

சேர்ந்த மற்ற ரெண்டு ஊரும் வெந்நீரூற்று ஊர்களா?

யுஃபுயின் அளவுக்கு வெந்நீரை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் அல்ல. கிழக்கே இருக்கும் ஹசாமா, ஓயிதா நகரத்துக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் குடியிருக்கும் ஊர். ஓயிதா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஷோனாய், விவசாய ஊர். பேரிக்காய்க்கும், ககுரா எனும் சடங்கு நாட்டியத்துக்கும் பெயர் பெற்றது. மூன்றையும் இணைப்பது ஓயிதா ஆறும் அதை ஒட்டி ஓடும் கியூதாய் ரயில் பாதையும். ஆற்றின் தலைப்பகுதியில் யுஃபுயின், இறங்கி வந்தால் ஷோனாய், அப்புறம் ஹசாமா.

மூன்று ஊருக்கும் பிழைப்பு மூன்று விதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எதிர்ப்பு பற்றிய பதிலுக்கு அது வேண்டும்.

ஏன் சேர்த்தார்கள்? அரசாங்கம் கட்டாயப்படுத்தியதா?

சட்டப்படி கட்டாயம் இல்லை. பணத்தால் நெருக்கினார்கள் என்பதே சரியான பதில். நாடெங்கும் நடந்த இந்த இணைப்பை 'ஹெய்செய் பெரும் இணைப்பு' என்பார்கள், ஹெய்செய் என்பது அப்போதைய பேரரசரின் ஆட்சிக் காலத்துக்குப் பெயர். 1999 மார்ச் முடிவில் நாட்டில் 3,232 உள்ளாட்சிகள் இருந்தன, 2010 மார்ச் முடிவில் 1,727தான். ஓயிதா மாகாணத்தில் 58 என்பது 18 ஆனது. குழந்தைகள் குறைந்து முதியவர்கள் கூடிய காலம், மத்திய அரசின் கடனும் ஏறிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன அலுவலகங்களைச் சேர்த்தால் செலவு குறையும் என்பது கணக்கு.

சேர்ந்தால் சலுகைக் கடன் கிடைக்கும். திட்டச் செலவில் 95 சதவீதம் வரை அந்தக் கடனில் எடுக்கலாம், திருப்பிக் கட்டுவதில் 70 சதவீதத்தை மத்திய அரசு தன் வரிப் பங்கீட்டில், அதாவது உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரும் வரிப் பணத்தில், சேர்த்துக் கொடுத்துவிடும். பங்கீட்டையும் முதல் 10 ஆண்டுகள் பழைய ஊர்கள் தனித்தனியே இருப்பதுபோலவே கணக்கிட்டுத் தருவார்கள், அடுத்த 5 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைப்பார்கள். சேராத ஊர்களுக்கு இது எதுவும் இல்லை. அதே நேரம், 2004 முதல் வரிப் பங்கீடே குறையத் தொடங்கியது. 2005 மார்ச்சுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று கெடுவும் இருந்தது. தனியாக நின்றால் நாளைக்குச் சம்பளம் போட முடியுமா என்ற பயம் சின்ன ஊர் மேயர் ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும். அவர்களை எளிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நகராட்சி ஆக 50,000 பேர் வேண்டும் என்று படித்தேன். 35,000 பேரை வைத்துக்கொண்டு எப்படி?

பொது விதி 50,000தான். இணைப்புக் காலத்துச் சிறப்புச் சட்டத்தில் 30,000 போதும் என்று தளர்த்தினார்கள். அந்த வாசல் வழியாக வந்த நகரங்களில் யுஃபுவும் ஒன்று. பெயரில் நகரம் என்றாலும் பெரும்பகுதி மலை, காடு, வயல்தான்.

பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்கின கதைதானே இது?

அப்படி இல்லை. ஜப்பானில் இணைப்பு இரண்டு வகை. ஒன்றில், சின்ன ஊர் பெரிய ஊருக்குள் போய்ச் சேரும். பெரிய ஊரின் மேயரும் சட்டங்களும் அப்படியே தொடரும். மேலே சொன்ன நோட்சுஹாரு, ஓயிதா நகரத்தோடு சேர்ந்தது அந்த வகை. இன்னொன்றில், சேர்கிற எல்லா ஊரும் ஒரே நாளில் கலைந்து, புதிதாக ஓர் உள்ளாட்சி பிறக்கும். யுஃபு இந்த வகை. மூன்று மேயர்களின் பதவியும் அன்றோடு முடிந்தது, மூன்று ஊர்களின் உள்ளூர்ச் சட்டங்களும் காலாவதி ஆயின.

காகிதத்தில் மூவரும் சமம். ஆனால் ஓட்டுக் கணக்கில் யுஃபுயின் மூன்றில் ஒரு பங்குதான்.

யுஃபுயின்காரங்க எதிர்த்தாங்களாமே. பணக்கார ஊர், பங்கு கொடுக்க மனசில்லை, அதானே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்வேன். எதிர்ப்பு வலுவாக இருந்தது, சுற்றுலா வருமானமும் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் அந்த ஊருக்கு அநியாயம் செய்கிறோம். 1952இல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் மூழ்கடித்து மின்சார அணை கட்ட ஒரு திட்டம் வந்தது. ஊர் இளைஞர் சங்கம் எதிர்த்து நின்றது, திட்டம் கைவிடப்பட்டது. அந்த இளைஞர்களை முன்னின்று நடத்திய மருத்துவர் இவாவோ ஹிதெகாசுதான் 1955இல் புது ஊரின் முதல் மேயர். அப்போது அவருக்கு வயது 36.

1970இல் மலையடியிலுள்ள இனோசெதோ ஈரநிலத்தில் கோல்ஃப் மைதானம் போட வந்தார்கள். மறுபடி எதிர்ப்பு, மறுபடி நிறுத்தம். எதிர்ப்பதற்காக ஒன்றுகூடியவர்கள் கலைந்து போகாமல், நாளைய யுஃபுயின் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும் சங்கமாக அதை மாற்றினார்கள். 1971இல் நகாயா கெந்தாரோ, மிசோகுச்சி குன்பெய், ஷிதே கோஜி என்ற மூன்று விடுதிக்காரர்கள் சுமார் 50 நாள் ஐரோப்பா சுற்றி, ஜெர்மனியின் பாடன்வைலர் என்ற சிறிய வெந்நீரூற்று ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அமைதி, பசுமை, விரிந்த இடம், இந்த மூன்றையும் காப்பாற்றினால் போதும் என்ற தெளிவோடு திரும்பினார்கள். பக்கத்து பெப்பு பெரிய ஓட்டல்களாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. யுஃபுயின் வேண்டுமென்றே சின்னதாக நின்றது.

1975 ஏப்ரலில் நிலநடுக்கம் வந்தது. யுஃபுயின் அழிந்துவிட்டது என்று வதந்தி பரவி, வருகிறவர்கள் நின்றுபோனார்கள். ஊர் உயிரோடு இருக்கிறது என்று காட்ட அதே ஆண்டில் குதிரை வண்டி ஓட்டினார்கள், இசை விழா நடத்தினார்கள், புல்வெளியில் மாட்டிறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மலையைப் பார்த்து உரக்கக் கத்தும் போட்டியும் வைத்தார்கள். யார் குரல் பெரிது என்று கருவி வைத்து அளப்பார்கள். மறு ஆண்டு, சினிமா தியேட்டரே இல்லாத அந்த ஊரில் திரைப்பட விழா தொடங்கியது. 1990இல், நாடெங்கும் பண்ணை வீடும் அடுக்குமாடியும் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், பெரிய கட்டடங்களுக்குக் கடிவாளம் போட்டு ஊர் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. இத்தனையும் செய்ய அந்த ஊருக்கு ஒரு மன்றமும் ஒரு மேயரும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அதை இழக்கத்தான் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் யுஃபுயினே 1955இல் இணைப்பில் பிறந்த ஊர்தானே? அப்புறம் என்ன இணைப்பை எதிர்ப்பது?

கூர்மையான கேள்வி. 1950களில் நடந்த இணைப்பும் மேலிருந்து வந்ததுதான். ஒரு நடுநிலைப் பள்ளியை நடத்தும் அளவுக்கு, குறைந்தது 8,000 பேராவது ஓர் ஊரில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு சேர்த்தார்கள். 1953இல் 9,868 ஆக இருந்த உள்ளாட்சிகள் 1961இல் 3,472 ஆகின.

யுனோஹிராவின் பக்கம் நின்று பார்த்தால் இது இன்னும் சங்கடமான கேள்வி. யுனோஹிரா தனி வெந்நீரூற்று, தனிப் பள்ளத்தாக்கு. எடோ காலத்தில் (1603–1868) பாவிய கல்பாதை ஒன்று அங்கே ஓடைக்கு இணையாக ஏறிப் போகிறது, இருபுறமும் பழைய விடுதிகள். அந்தக் கிராமமும் 1955இல் தன் மன்றத்தை விட்டுக்கொடுத்தது. அதன் எழுத்து ஊர்ப் பெயரில் இருந்தது, ஆனால் யுஃபுயின் என்றதும் உலகம் நினைப்பது அடுத்த பள்ளத்தாக்கைத்தான். 2005இல் யுஃபுயின்காரர்களுக்கு வந்த கவலை, யுனோஹிராகாரர்களுக்கு 50 ஆண்டுக்கு முன்பே வந்திருக்கும் அல்லவா? எதிர்ப்பு நியாயம் என்று நான் சொன்னதை இது மாற்றவில்லை. ஆனால் யுனோஹிராவை மறந்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது.

நகராட்சி அலுவலகம் யுஃபுயினிலா இருக்கு?

இல்லை, நடுவில் இருக்கும் ஷோனாயில். பிரபலமான ஊரில் இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். தொடக்கத்தில் துறைகள் மூன்று ஊர்களிலும் பிரிந்து இருந்தன, பிறகு ஷோனாய்க்குத் திரட்டினார்கள். யுஃபுயினில் கிளை அலுவலகம் உண்டு, சான்றிதழ் போன்ற அன்றாட வேலைகளை அங்கேயே முடிக்கலாம்.

1990ல போட்ட கட்டடச் சட்டம் காலாவதி ஆயிடுச்சா?

பழைய சட்டங்கள் இணைப்போடு காலாவதி ஆகும் என்று மேலே சொன்னதை வைத்து இதைக் கேட்கிறார்கள். பயந்ததுபோல் ஆகவில்லை. புது நகராட்சி அதே பெயரில் அந்தச் சட்டத்தைத் தொடர்ந்தது. நிலையத்திலிருந்து கின்ரின் ஏரிப் பக்கம் போகும் யுனோட்சுபோ கடைத்தெருவுக்கு, பெயர்ப்பலகை முதல் கட்டட உயரம் வரை வரையறுக்கும் தோற்றத் திட்டமும் பின்னர் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைத் திருத்தவோ தளர்த்தவோ இப்போது முடிவெடுப்பது மூன்று பகுதிக்கும் பொதுவான மன்றம்.

குளிக்கிறதுக்கு வரி வாங்குறாங்களே, அது யாருக்குப் போகுது?

வெந்நீரூற்றில் குளிப்பவர்களிடம் ஜப்பானில் உள்ளாட்சி ஒரு வரி வாங்கும். நாடு முழுவதும் வழக்கமான அளவு தலைக்கு 150 யென். ஊற்றைப் பராமரிக்க, தீயணைப்புக்கு, சுற்றுலாவுக்கு என்று அதைச் செலவிடலாம். முன்பு யுஃபுயினின் கல்லாவில் விழுந்த அந்தக் காசு இப்போது யுஃபு நகரத்தின் கல்லாவில் விழுகிறது.

ரயில்வே ஸ்டேஷன் பெயரை மட்டும் ஏன் மாற்றவில்லை?

நிலையத்தின் பெயர் ரயில் நிறுவனத்தின் கையில், நகராட்சியின் கையில் இல்லை. இந்த நிலையம் 1955இல் ஊர் எழுத்தை மாற்றியபோதும் மாறவில்லை, 2005இலும் மாறவில்லை. ஃபுகுவோகா நகரத்தின் ஹகாட்டா நிலையத்திலிருந்து 1989 முதல் ஓடும் பச்சை நிற விரைவு ரயிலின் பெயர் 'யுஃபுயின் நோ மோரி', யுஃபுயின் காடு என்று பொருள். அதில் யுஃபுயினைச் சீன எழுத்தில் எழுதாமல் ஒலியெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். எந்த 'யு' என்ற கேள்வியே அங்கே எழவில்லை!

இன்றைய நிலையக் கட்டடம் 1990இல் வந்தது, வடிவமைத்தவர் ஓயிதாவில் பிறந்த கட்டடக்கலைஞர் இசொசாகி அராதா. கறுப்பு மரக் கூடம், காத்திருக்கும் இடமே ஓவியக் கூடம். நடைமேடை ஓரத்தில் காலை மட்டும் நனைத்துக்கொள்ள ஒரு வெந்நீர்த் தொட்டி. வாசலில் வந்து நின்றால் நேர் எதிரே தெருவின் முடிவில் யுஃபு மலை.

சேராமல் தனியாக நின்ற ஊர்கள் இல்லையா?

உண்டு, பக்கத்திலேயே. மேற்கே மலைக்கு அப்பால் இருக்கும் கொகொனோயே, அதை அடுத்த குசு, கடற்கரையில் ஹிஜி, மூன்றும் இன்றும் தனிப் பேரூர்கள். ஹிமேஷிமா என்ற தீவு, ஓயிதா மாகாணத்தின் ஒரே கிராமமாக நிற்கிறது. ஃபுகுஷிமா மாகாணத்தின் யமாட்சுரி 2001லேயே யாரோடும் சேர மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

பிடிக்கலைன்னா திரும்பப் பிரிஞ்சு வந்துடலாமா?

சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் யுஃபு நகர மன்றம் தீர்மானம் போட வேண்டும், பிறகு மாகாண மன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு ஓட்டை வைத்துக்கொண்டு முதல் படியையே தாண்டுவது கடினம். சலுகைக் கடனில் கட்டியவற்றை எப்படிப் பிரிப்பது என்பது அடுத்த சிக்கல்.

நேரில் போனால் பழைய ஊரின் எல்லையைப் பார்க்க முடியுமா?

எல்லைக்கோடு எதுவும் தெரியாது. பள்ளத்தாக்கு மட்டுமே பழைய ஊர் என்றும் நினைத்துவிடாதீர்கள். யுனோஹிராவும், மலைக்குப் பின்னால் இருக்கும் ட்சுகாஹாரா மேட்டுநிலமும் அதில் அடக்கம்.

ஆனால் பெப்புவிலிருந்து மலைச்சாலையில் வரும்போது சகிரிதாய் என்று ஒரு பார்வைமுனை இருக்கிறது. இலையுதிர் காலத்திலோ குளிர் காலத்திலோ, விடிகிற நேரத்தில் அங்கே நில்லுங்கள். பள்ளத்தாக்கு விளிம்பு வரை மூடுபனி நிரம்பிக் கிடக்கும், வீடோ வயலோ ரயில் பாதையோ ஒன்றும் தெரியாது. 1952இல் அணை கட்டியிருந்தால் தண்ணீர் நின்றிருக்கும் இடம் அது. வெயில் ஏற ஏறப் பனி விலகி, முதலில் மரங்களின் உச்சி தெரியும், அப்புறம் கூரைகள்.